அண்ணா சொன்னார், அம்மா என்ன சொன்னா?

கேள்வி: மார்கழி மழைக்குள் அம்மாவுக்கு (68) காய்ச்சல் வந்தது. கனடாவில் இருக்கும் அண்ணா போனில், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இன்னும் வருத்தம் தொற்றும், வீட்டிலேயே வைத்துப் பார்" என்றார். உடம்பு உளைவு என்பதால், முழங்கால் நோவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த டைக்ளோபெனாக் குளிசையைக் கொடுத்தேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, நிம்மதியாகப் படுத்தோம். விடியக் கைகால் சில்லிட்டு ஆளே சோர்ந்துவிட்டா. டெங்கு என்றார்கள். தப்பி வீட்டுக்கு வந்துவிட்டா, ஆனால் அண்ணா என்னைத்தான் பேசுகிறார். என் பிழையா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, அந்தக் குளிசை கொடுத்தது பிழைதான், மழுப்பமாட்டேன். டெங்கு என்று சந்தேகிக்கக்கூடிய காய்ச்சலுக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரோஃபென், அஸ்பிரின் எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பனடோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. ஆனால் எனக்கு அதைவிடப் பயம் தருவது நீங்கள் நிம்மதியாகப் படுத்த அந்த இரவு. டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து பிரஷர் விழத் தொடங்கும். கைகால் குளிர்வது, வயிற்று நோ, விடாத சத்தி, சலம் குறைவது எல்லாம் அதைத்தான் காட்டும். மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதித்துப் பிளேட்லெட் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

நானும் இப்படி ஒன்று செய்தவள்தான். அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது என்றார், அளந்தால் 120க்கு 80, நல்லாய்த்தானே இருக்கிறார் என்று பிரஷர் குளிசையை நானே நிறுத்தினேன். குளிசை போட்டபடியால்தான் அந்த 120 என்பது எனக்கு ஓடவில்லை, டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. அப்புறம் அவர் இடது கையால் சோற்றைக் குழைத்து, பாதி கோப்பைக்கு வெளியே சிந்த, வாய்க்குக் கொண்டுபோவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என்னை ஒரு சொல் பேசவில்லை.

இன்னொருவருக்காக முடிவெடுக்கும்போது நம் மனதில் வேறொரு கணக்கும் ஓடும்: வாட்டில் இரவு யார் நிற்பது, ஏதும் நடந்தால் சனம் யாரைப் பேசும், அண்ணா சொன்னதை மீறலாமா. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணா சொன்னது இருக்கிறது, நீங்கள் செய்தது இருக்கிறது, அம்மா என்ன சொன்னா என்று ஒரு வரி இல்லை. 68 வயதில் நினைவு தெளிவாக இருந்த மனுசி, ஆஸ்பத்திரிக்குப் போவமா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பா.

அண்ணாவோடு சண்டை வேண்டாம். தூரத்தில் இருப்பவருக்குப் பயம் கூட, அந்தப் பயம்தான் இப்போது கோபமாக வருகிறது. ஆனால் அம்மாவின் கால் குளிர்ந்ததைத் தொட்டுப் பார்த்தது நீங்கள், அவரால் அது ஏலாது. அடுத்த முறை முதலில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அண்ணாவுக்கு வழியில் இருந்து சொல்லலாம்.

மிஞ்சின குளிசைகளை இன்றைக்கே அலுமாரியால் எடுத்துவிடுங்கள். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது அம்மாவிடம் கேளுங்கள், தனக்கு ஏலாமல் போனால் யார் முடிவெடுக்க வேண்டும், ஆஸ்பத்திரி என்றால் என்ன பயம் என்று. சொல்வதை அப்படியே எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து, ஒரு படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்புங்கள்.