கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தால் வரி எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். என் ஆண்டு ஊதியம் 2,20,000 டாலர். மனைவி வேலைக்குச் செல்லவில்லை. பள்ளியில் படிக்கும் குழந்தைகள் இருவர். நிறுவனம் அளித்த ஆர்எஸ்யூ பங்குகளில் (பணியில் தொடர்ந்தால் படிப்படியாகக் கைக்கு வரும் பங்கு ஒதுக்கீடு) ஒரு பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவில் 6,00,000 டாலருக்குள் வீடு வாங்கி, இதே வேலையை அங்கிருந்து தொடர எண்ணுகிறோம். கோவையில் உள்ள மனை ஒன்றை விற்கும் யோசனையும் உண்டு. டெக்சாஸில் வருமான வரியே இல்லை, உடனே கிளம்புங்கள் என்கிறார்கள் நண்பர்கள். கிளம்பலாமா?

பதில்: டெக்சாஸில் தனிநபர் வருமான வரி இல்லை என்பது உண்மைதான், 2019-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் அத்தகைய வரிக்குத் தடையே விதித்திருக்கிறது. கலிபோர்னியாவில் தங்கள் ஊதியத்தின் மேல்பகுதி 9.3 சதவீத அடுக்கில் வருகிறது. கணவன் மனைவி கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்து, நிலையான கழிவும் குழந்தைகளுக்கான சலுகையும் போக, மாநில வருமான வரி 11,000 டாலரை ஒட்டி இருக்கும். இதனுடன் எஸ்டிஐ என்று மாநில உடல்நலக் குறைவுக் காப்பீட்டுக்காக ஊதியச் சீட்டில் பிடிக்கும் தொகையையும் சேர்க்க வேண்டும். 2024 முதல் அதற்கு உச்சவரம்பு கிடையாது, 2025-இன் 1.2 சதவீத விகிதத்தில் அது மட்டும் 2,640 டாலர். ஆக, ஊதியத்தின் மீது மிஞ்சக்கூடியது ஆண்டுக்கு 14,000 டாலருக்குச் சற்றுக் குறைவு.

அந்தத் தொகையிலிருந்து சொத்து வரியைக் கழித்துப் பாருங்கள். டெக்சாஸில் பள்ளி மாவட்டம் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு), நகராட்சி, கவுண்டி (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவு) ஆகியவை தனித்தனியே வரி விதிக்கின்றன. பள்ளிக்கு 1.05 சதவீதமும் மற்றவற்றுக்கு 0.75 சதவீதமும் என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. 2025 முதல் பள்ளி வரிக் கணக்கில் வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலர் கழிக்கப்படுகிறது. அப்படியும் 6,00,000 டாலர் வீட்டுக்கு ஆண்டு வரி சுமார் 9,300 டாலர் வரும். ஃப்ரீமாண்டில் தாங்கள் கட்டும் வாடகைக்குள் உரிமையாளரின் சொத்து வரியும் அடங்கியிருக்கிறது என்பதால் இந்த 9,300 முழுவதையும் புதிய சுமையாகக் கருதுவது நியாயமாகாது. ஆயினும் வருமான வரியைப் போல இது வேலை போனால் குறைகிற வரி அன்று. வேலை இல்லாத ஆண்டிலும் பில் வரும்.

வீடு பார்க்கும்போது விற்பவர் காட்டும் சென்ற ஆண்டு வரி ரசீதை நம்பிவிடாதீர்கள். குடியிருப்போர் வீட்டின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பு அங்கே உண்டு. நெடுநாள் உரிமையாளரின் ரசீது அதனால் குறைவாகத் தெரியும், கைமாறியதும் அந்தச் சலுகை நீங்கிவிடும். புதிதாகக் கட்டிய வீடெனில் பழைய ரசீது வெறும் நிலத்துக்கானதாகவும் இருக்கலாம். புதுக் குடியிருப்புகள் சிலவற்றில் குடிநீர், வடிகால் வசதிக்கென ‘மட்’ என்று அழைக்கப்படும் சிறப்பு மாவட்ட வரியும் சேரும்; முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டறியுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, ஊர் மாறினால் நிறுவனம் ஊதியத்தைக் குறைக்குமா என்பது. 10 சதவீதம் குறைத்தால் 22,000 டாலர் போகிறது. மத்திய அரசின் வரிகள் போகக் கணக்கிட்டாலும் கைக்கு வருவதில் ஏறக்குறைய 17,000 டாலர் இழப்பு. வரியில் மிஞ்சுவது அதை ஈடுசெய்யாது. மனிதவளத் துறையிடம் எழுத்தில் பதில் பெறாமல் வீட்டுக்கு ஒப்பந்தம் போடுவது என் பார்வையில் விவேகமன்று.

அடுத்து, தங்களைப் பின்தொடர்ந்து வரும் வரி. ஆர்எஸ்யூ பங்குகள் கைக்கு வரும் நாளில் தாங்கள் டெக்சாஸ்வாசியாக இருந்தாலும், ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரையிலான வேலை நாட்களில் எத்தனை நாள் கலிபோர்னியாவில் உழைத்தீர்களோ அந்த விகிதத்துக்குக் கலிபோர்னியா வரி கேட்கும். மூன்று ஆண்டுகளில் இரண்டை அங்கே கழித்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு உரியது. ஃப்ரீமாண்டில் உழைத்த ஆண்டுக்கான போனஸ் பின்னர் வந்தாலும் அப்படியே. இவற்றுக்காகக் குடிபெயர்ந்த பிறகும், கலிபோர்னியாவாசி அல்லாதோருக்கான அம்மாநில வரிப் படிவமான 540என்ஆர் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வரி விகிதமும் தங்களின் மொத்த வருமானத்தை வைத்தே தீர்மானிக்கப்படும். ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பங்குகளின் கதை வேறு. அவற்றைக் குடிபெயர்ந்த பிறகு விற்றால் கிடைக்கும் ஆதாயத்தில் கலிபோர்னியாவுக்குப் பங்கில்லை.

கோவை மனைக்கும் இதுவே பொருந்தும். நண்பர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தியாவில் கட்டும் மூலதன ஆதாய வரியை அமெரிக்க மத்திய வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். கலிபோர்னியா அந்த ஈட்டை அளிப்பதில்லை. நீண்டகால ஆதாயத்துக்கென்று தனிச் சலுகை விகிதமும் அங்கே கிடையாது. மனையில் 1,00,000 டாலர் ஆதாயம் எனில், ஃப்ரீமாண்டில் இருந்தபடி விற்றால் இந்திய வரிக்கு மேல் மாநிலத்துக்கு 9,300 டாலர் போகும். டெக்சாஸ்வாசியாகி விற்றால் அது இல்லை. விலை படிகிறதென்றால் சில மாதம் பொறுத்துப் பத்திரம் பதியலாம். ஊர் வங்கி வைப்புகளின் வட்டிக்கும் இதே வேறுபாடு உண்டு.

எனவே எந்த நாளில் தாங்கள் கலிபோர்னியாவாசி அல்லாதவர் ஆகிறீர்கள் என்பது பணம் தொடர்பான கேள்வி. குழந்தைகளின் பள்ளி ஆண்டு முடியட்டும் என்று குடும்பத்தை ஃப்ரீமாண்டில் விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் முன்னே போவது வழக்கமான ஏற்பாடு. அதில் ஒரு பொறி உள்ளது. டெக்சாஸ் சட்டப்படியும் ஒருவர் ஈட்டும் ஊதியம் கணவன் மனைவி இருவருக்கும் பொது. மனைவி கலிபோர்னியாவாசியாக இருக்கும் வரை தங்கள் ஊதியத்தில் அவருக்குரிய பாதிக்கு அம்மாநிலம் வரி கேட்கலாம். முடிந்தால் கோடை விடுமுறையில் அனைவரும் ஒன்றாகவே கிளம்புங்கள்.

போய்ச் சேர்ந்ததும் 30 நாளுக்குள் காரையும் 90 நாளுக்குள் ஓட்டுநர் உரிமத்தையும் டெக்சாஸுக்கு மாற்ற வேண்டும். ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தில் உரிமத்தின் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் உரிமத்தை முதலில் முடியுங்கள். ஊதியப் பிரிவில் பணியிட மாநிலத்தை மாற்றச் சொல்லாவிட்டால் கலிபோர்னியாவுக்கான பிடித்தம் தொடர்ந்து, திருப்பிப் பெற ஆண்டு முடியும் வரை காத்திருக்க நேரும். அலுவலகக் கூட்டங்களுக்காகக் கலிபோர்னியா செல்லும் வேலை நாட்களின் ஊதியமும் அம்மாநில வரிக்கு உட்பட்டதே. பயணச் சீட்டுகளுடன் அந்த நாட்களைக் குறித்து வையுங்கள்.