அடுக்கு விதிகள் எங்கிருந்து வருகின்றன? கேள்வி பதில்

அடுக்குகளைப் பற்றி வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். 5⁴ என்று எழுதும்போது 5 என்பது அடிமானம், அதன் தலைமேல் சிறிதாக நிற்கும் 4 என்பது அடுக்கு. அதன் மதிப்பு 5 × 5 × 5 × 5, அதாவது 625.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி): ஐயா, 2³ × 2⁴ என்பதில் நடுவே இருப்பது பெருக்கல் குறிதானே? அடுக்குகளை மட்டும் ஏன் கூட்ட வேண்டும்? நான் 2¹² என்று எழுதினேன், தவறு என்று அடித்துவிட்டார்கள்.

பதில்: அடிமானம் எத்தனை முறை காரணியாக வருகிறது என்ற எண்ணிக்கையைத்தான் அடுக்கு சொல்கிறது. 2³ என்பதற்குள் மூன்று இரண்டுகளும் 2⁴ என்பதற்குள் நான்கு இரண்டுகளும் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கும்போது எல்லா இரண்டுகளும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன: (2 × 2 × 2) × (2 × 2 × 2 × 2). இந்த வரிசையில் ஏழு இரண்டுகள் இருப்பதால் விடை 2⁷. மதிப்பைப் போட்டுப் பார்த்தாலும் 8 × 16 = 128 என்று அதுவே வருகிறது; நீங்கள் எழுதிய 2¹² என்பதோ 4096.

அடிமானங்களையும் பெருக்கி 4⁷ என்று எழுதுவோர் உண்டு. வரிசையில் நிற்பவை எல்லாம் இரண்டுகளே, நான்கு எங்கும் இல்லை என்பதைக் கவனித்தால் அந்தத் தவறு நேராது. வகுத்தலுக்கும் இதே எண்ணிக்கைதான் வழிகாட்டுகிறது: 2⁷ ÷ 2³ என்பதில் மேலே உள்ள ஏழு இரண்டுகளில் மூன்று, கீழே உள்ள மூன்றோடு அடிபட்டுப்போக, மீதி 2⁴. விதி மறந்துபோனால் காரணிகளை ஒருமுறை விரித்து எழுதிப் பாருங்கள். தேர்வு அறையிலும் அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கேள்வி: அப்படியானால் அடுக்குகளைப் பெருக்கும் விதி எங்கே பயன்படுகிறது? இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறேன்.

பதில்: ஓர் அடுக்கின் மேல் இன்னோர் அடுக்கு ஏறும்போது அது பயன்படுகிறது. (2³)⁴ என்றால் 2³ என்பதை நான்கு முறை காரணியாக எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் மூன்று இரண்டுகள் வருவதால் மொத்தம் பன்னிரண்டு, ஆகவே 2¹². கேள்வியில் உள்ள அடைப்புக்குறியை எப்போதும் கவனியுங்கள். அடைப்புக்குறி இல்லாமல் 2-இன் அடுக்காக 3² நின்றால், மேலே உள்ளதை முதலில் கணக்கிடுவதே வழக்கம்: 3² = 9, எனவே விடை 2⁹ = 512. அதுவே (2³)² என்று இருந்தால் 2⁶ = 64.

கேள்வி: 2³ + 2⁴ என்பதற்கு என்ன விதி?

பதில்: கூட்டலுக்கு அப்படியொரு விதி இல்லை. மதிப்பைக் கண்டு கூட்டலாம்: 8 + 16 = 24. அல்லது பொதுக் காரணியை வெளியே எடுத்து 2³ × (1 + 2) என எழுதலாம். இதே காரணத்தால் (3 + 4)² என்பதும் 3² + 4² ஆகாது. முன்னது 49, பின்னது 25. ஆனால் (3 × 4)² = 3² × 4² என்பது சரியே, ஏனெனில் பெருக்கலில் காரணிகளை வேண்டிய வரிசையில் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு மாணவனின் தாய்): 5⁰ = 1 என்பதை என் மகன் ஏற்க மறுக்கிறான். "ஐந்தை ஒருமுறைகூடப் பெருக்கவில்லை என்றால் ஒன்றுமே இல்லை, எனவே பூச்சியம்தானே?" என்று கேட்கிறான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. "இத்தனை முறை பெருக்கு" என்ற விளக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு 5⁰ என்பதற்குப் பொருள் காண முடியாது. பூச்சியம் முறை பெருக்குவது என்றால் என்னவென்று அந்த விளக்கம் சொல்வதில்லை. எனவே அங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே நம்மிடம் உள்ள கூட்டல் விதி (பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டும் விதி) கெடாத மதிப்பைத்தான் அதற்குத் தர வேண்டும் என்று கணித அறிஞர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த விதிப்படி 5⁰ × 5³ என்பது 5⁰⁺³, அதாவது 5³ ஆக வேண்டும். 125-ஐ எந்த எண்ணால் பெருக்கினால் அது 125 ஆகவே நிற்கும்? 1 ஒன்றினால்தான். பூச்சியம் என்று கொண்டால் இடப்பக்கம் பூச்சியமாகவும் வலப்பக்கம் 125 ஆகவும் நின்று விதி உடைந்துபோகும். மகனுக்கு வேறொரு வழியிலும் காட்டலாம். 5³ = 125, 5² = 25, 5¹ = 5 என்று எழுதச் சொல்லி, அடுக்கு ஒன்று குறையும்போது மதிப்புக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்தால் வகுக்கப்படுவதை அவனே சொல்வான். அடுத்த வரியையும் அவனே எழுதட்டும்.

கூட்டலைத் தொடங்கும்போது கையில் இருக்கும் எண் பூச்சியம், பெருக்கலைத் தொடங்கும்போது கையில் இருக்கும் எண் 1. "ஒன்றுமே இல்லை" என்பதைக் கூட்டலின் கண்ணால் பார்ப்பதால்தான் அவனுக்குப் பூச்சியம் தோன்றுகிறது.

கேள்வி: 2⁻³ என்பது குறை எண்ணா?

பதில்: இல்லை, அது 1/8. மேலே சொன்ன வரிசையை 2-க்கு எழுதி நிறுத்தாமல் தொடருங்கள்: 4, 2, 1, 1/2, 1/4, 1/8. எங்கும் குறை எண் தலைகாட்டுவதில்லை. கூட்டல் விதியும் இதையே கேட்கிறது: 2⁻³ × 2³ = 2⁰ = 1 ஆக வேண்டுமென்றால் 2⁻³ என்பது 8-இன் தலைகீழியாக இருந்தே ஆக வேண்டும். அடுக்கில் உள்ள குறைக்குறி, பெருக்குவதற்குப் பதிலாக வகுக்கச் சொல்கிறது. மதிப்பின் குறியை அது தொடுவதில்லை.

கேள்வி: −3² என்பதன் விடை 9-ஆ, −9-ஆ? என் விரிதாள் ஒன்றைச் சொல்கிறது, நிரல் வேறொன்றைச் சொல்கிறது.

பதில்: கணித வழக்கில் விடை −9. அடுக்கு தன்னை ஒட்டி நிற்கும் 3-க்கு மட்டுமே உரியது, குறைக்குறி அதன் பிறகே சேர்கிறது. 9 வேண்டுமானால் (−3)² என்று எழுத வேண்டும். கருவிகள் எல்லாம் இந்த வழக்கைப் பின்பற்றுவதில்லை. எக்செல் விரிதாளில் =−3^2 என்று இட்டால் குறைக்குறி முதலில் சேர்ந்து 9 வருகிறது; பைத்தான் மொழியில் −3**2 என்று இட்டால் −9 வருகிறது. கணினியில் எழுதும்போது அடைப்புக்குறியைச் சிக்கனப்படுத்த வேண்டாம்.

கேள்வி: 0⁰ என்றால் என்ன?

பதில்: எந்த இடத்தில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2⁰, 1⁰, அரையின் பூச்சிய அடுக்கு எல்லாம் 1. அந்த வழியே வந்தால் 1 என்று தோன்றுகிறது. 0³, 0², 0¹ எல்லாம் 0. அந்த வழியே வந்தால் 0 என்று தோன்றுகிறது. எண்ணுதல் சார்ந்த கணிதத்திலும் பல்லுறுப்புக் கோவைகளிலும் 1 என்று கொள்வதே வசதியானது, அப்படியே கொள்கிறார்கள். எல்லைகளைக் கணக்கிடும்போது அதைத் தீர்மானிக்க முடியாத வடிவம் என்று கருத வேண்டும். பள்ளிப் பாடத்தில் அடிமானம் பூச்சியமாகாது என்ற நிபந்தனையோடுதான் பூச்சிய அடுக்கு விதியைச் சொல்கிறார்கள். அந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இந்தக் குறியீட்டை யார் கொண்டுவந்தார்கள்?

பதில்: எண்ணை வலப்பக்கத்தில் சற்று மேலே சிறிதாக எழுதும் முறை, பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்து 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலின் வழியே பரவியது. ஆனால் விதி குறியீட்டைவிட மிகப் பழையது. கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அண்டம் முழுவதையும் நிரப்பத் தேவையான மணல் துகள்களை மதிப்பிட்ட ஆர்க்கிமிடீசு, இன்றைய முறையில் 10⁶³ என்று எழுதக்கூடிய ஓர் எல்லையை எட்டினார். பெருக்கும்போது வரிசை எண்கள் கூடுகின்றன என்ற உண்மையை அவர் அப்போதே கையாண்டிருக்கிறார். 1544-இல் செருமானியரான மிக்கேல் சுடீபெல், 1, 2, 4, 8 என்ற வரிசையின் மேல் 0, 1, 2, 3 என்ற வரிசையை வைத்து, கீழே பெருக்கினால் மேலே கூடுகிறது என்று காட்டியதோடு, அதைக் குறை எண்களின் பக்கமும் நீட்டினார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கைகளின் கருத்து ஏறத்தாழ அந்த இரண்டு வரிசைகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கேள்வி (மேல்நிலை மாணவர்): அடுக்கு பின்னமாக வரும்போது விதிகளை அப்படியே பயன்படுத்தலாமா? பாதி முறை பெருக்குவது என்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

பதில்: கற்பனை செய்ய வேண்டியதில்லை, கூட்டல் விதியையே கேளுங்கள். 9-இன் அடுக்கு ½ என்பதை அதே எண்ணால் பெருக்கினால், அடுக்குகள் ½ + ½ = 1 என்று கூடி, விடை 9 ஆக வேண்டும். தன்னோடு தானே பெருகி 9 தரும் மிகை எண் 3. ஆகவே அரை அடுக்கு என்பது வர்க்கமூலம். இதே முறையில் மூன்றில் ஒரு பங்கு அடுக்கு என்பது கனமூலம். 8-இன் அடுக்கு ⅔ வேண்டுமானால் கனமூலம் 2-ஐக் கண்டு வர்க்கப்படுத்த, 4 கிடைக்கிறது.

அடுக்கு √2 போன்ற விகிதமுறா எண்ணாக இருந்தாலும் வழி அடைபடுவதில்லை. 2-இன் அடுக்கை 1.4, 1.41, 1.414 என்று √2-ஐ நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் மதிப்புகள் 2.639, 2.657, 2.665 என்று ஒரே எண்ணை நெருங்குகின்றன. அந்த எண்ணையே 2-இன் அடுக்கு √2 என்று வரையறுக்கிறோம். அதன் மதிப்பு ஏறத்தாழ 2.66514.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாடநூலில் "அடிமானம் மிகை எண்" என்று ஒரு வரியில் கடந்துபோகும் நிபந்தனைக்கு உண்மையான காரணம் இருக்கிறது. −8-இன் கனமூலம் −2 என்பதால், −8-இன் அடுக்கு ⅓ என்பதை −2 என்று கொள்வோம். ⅓ என்பதும் 2/6 என்பதும் ஒரே எண்தானே? இரண்டாவது வடிவத்தில் முதலில் வர்க்கப்படுத்தினால் 64, அதன் ஆறாம் மூலம் 2. ஒரே எண்ணுக்கு −2, 2 என்று இரண்டு விடைகள் வந்துவிட்டன! எங்கும் கணக்குப் பிழை இல்லை. அடுக்கின் மேல் அடுக்கு ஏறினால் பெருக்கு என்ற விதியை அது செல்லாத இடத்தில் பயன்படுத்தியதுதான் கோளாறு. மெய்யெண்களுக்குள் வேலை செய்யும் வரை, பின்ன அடுக்கு வந்தவுடன் அடிமானம் மிகை எண்ணா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): 3²⁰⁰, 2³⁰⁰ ஆகியவற்றுள் பெரியது எது? 7²⁰²³ என்பதன் ஒன்றாம் இலக்கம் எது?

பதில்: முதலாவதில் இரண்டு அடுக்குகளிலும் 100 பொதுவாக இருக்கிறது. 3²⁰⁰ = (3²)¹⁰⁰ = 9¹⁰⁰; 2³⁰⁰ = (2³)¹⁰⁰ = 8¹⁰⁰. எனவே 3²⁰⁰ பெரியது. இரண்டாவதில் 7-இன் அடுக்குகளின் ஒன்றாம் இலக்கம் 7, 9, 3, 1 என்று நான்கு படிக்கு ஒருமுறை சுழல்கிறது. 2023-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே விடை 3.

கேள்வி: இயற்பியல் கணக்குகளில் 10-இன் அடுக்குகளைக் கையாளும்போது தடுமாறுகிறேன். ஒரு எடுத்துக்காட்டு தர முடியுமா?

பதில்: சூரியனின் ஒளி புவியை அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்ப்போம். தொலைவு சராசரியாக 1.496 × 10¹¹ மீட்டர். ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.998 × 10⁸ மீட்டர். முன்னே உள்ள எண்களைத் தனியாகவும் பத்தின் அடுக்குகளைத் தனியாகவும் வகுங்கள்: 1.496 ÷ 2.998 என்பது ஏறத்தாழ 0.499, 10¹¹ ÷ 10⁸ = 10³. விடை 0.499 × 10³, அதாவது 499 வினாடி. எட்டு நிமிடமும் 19 வினாடியும்.

பெரும்பாலோர் தடுமாறுவது கூட்டலில்தான். 3 × 10⁵ + 4 × 10⁴ என்பதை 7 × 10⁹ என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும்: 3 × 10⁵ + 0.4 × 10⁵ = 3.4 × 10⁵.