60 நாள் தாண்டினால் அப்பீல் போச்சா?

அண்ணனுக்குக் கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டில் 7 வருடம் தண்டனை, 70 நாள் ஓடிவிட்டது, 60 நாள் கெடு தாண்டியதால் இனி அப்பீல் கிடையாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள் தங்கச்சி. தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகலில் உள்ள ரப்பர் ஸ்டாம்பைப் பாருங்கள். நகலுக்கு மனு போட்ட தேதி, நகல் தயாரான தேதி இரண்டும் இருக்கும். இடைப்பட்ட நாட்களைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். அதில் 12 நாள் போயிருந்தால் இது 58ஆம் நாள்தான்! அப்படியும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போடலாம். காரணத்தை மட்டும் உண்மையாக எழுதுங்கள்.

அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்தில். நம் பக்கம் மதுரைக் கிளைக்கு வராது. ஃபீஸுக்காக நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவானாலும், 1987ஆம் வருடச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. 15100க்கு போன் செய்யுங்கள், இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். சேலம் சிறையிலிருந்து அண்ணனே சிறை அதிகாரி மூலமாகவும் அப்பீல் அனுப்பலாம்.

அப்புறம், தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். அது இல்லாவிட்டால் அப்பீல் முடியும்வரை அவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.