நம்மூரு வெள்ளத்துக்கு அடுத்த நாட்டு சாட்டலைட் எதுக்கு?

சுங்கை சிப்புட்ல ஆறு ஏறுனா வெளிநாட்டு சாட்டலைட் படம் எதுக்குன்னு நெறய பேரு கேக்குறாங்க. பூமி கண்காணிப்பு கூட்டுறவுன்னா பல நாட்டு விண்வெளி நிறுவனங்க எடுக்குற படத்த பகிர்ந்துக்கிறது, இதுக்கு சியோஸ்னு ஒரு கமிட்டி 1984லயே வந்தாச்சு. காரணம் சிம்பிள், லேண்ட்சாட்ங்கிற அமெரிக்க சாட்டலைட் ஒண்ணு அதே எடத்துக்கு மேல திரும்பி வர 16 நாள் ஆகும், வெள்ளம் அதுவரைக்குமா நிக்கும், அதோட நம்மூரு மேகம் வேற மறைக்கும் (மேகத்த தாண்டி பாக்க ரேடார் சாட்டலைட் வேணும், அது எல்லா நாட்டுகிட்டயும் இல்ல). பேரிடர் நேரத்துல படம் ஓசியா குடுக்க 2000லருந்து தனி ஒப்பந்தமே இருக்கு. பால்மரத் தோட்டத்துல ஆளாளுக்கு நிரை பிரிச்சு வெட்டுனாலும் பால நிறுக்குறது ஒரே தராசுலதானே, அதே மாதிரி இவங்க சாட்டலைட் அளவையும் ஒத்துப் பாத்துக்கிறாங்க, இல்லன்னா ஒண்ணு பச்சைன்னு காட்டுற செம்பனைய இன்னொண்ணு காஞ்சதுன்னு காட்டும். அப்புறம் இது லைவ் வீடியோ இல்ல லா, உங்க வீட்டு வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னெல்லாம் இதுல தெரியாது.