நூறு வெற்றி, ஒரு பட்டமும் இல்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் வுட் பிரதர்ஸ் அணி நூறாவது வெற்றி பெற்றதைப் பற்றி உருகி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன். 1950-ல் தொடங்கிய அணி, இன்றுவரை ஓட்டுநர் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1984-ல் வந்த ஹெண்ட்ரிக் அணி முந்நூறு வெற்றிகளைத் தாண்டிவிட்டது, பட்டங்களும் பத்துக்கு மேல். பழைய அணி என்பதற்காகவே கொண்டாடுகிறோமா?

எம்.

அன்புள்ள எம்.,

கணக்கு சரிதான். ஆனால் 1963-ல் கார் உரிமையாளருக்கான பட்டம் அவர்களுக்கு வந்தது. நீங்கள் கவனமாக ‘ஓட்டுநர் பட்டம்’ என்று எழுதித் தப்பித்துவிட்டீர்கள்.

அந்தக் காலத்துப் பட்டம் ஆண்டு முழுக்க ஓடிச் சேர்க்கும் புள்ளிகளுக்குக் கிடைப்பது. வர்ஜீனியாவில் ஸ்டூவர்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்த வுட் சகோதரர்கள் பல பத்தாண்டுகள் எல்லாப் பந்தயங்களுக்கும் போனதே இல்லை. பெரிய தடங்களாகப் பார்த்துப் பொறுக்கி ஓடினார்கள். 1973-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 28 பந்தயங்கள். இவர்களுடைய டேவிட் பியர்சன் ஓடியது 18, ஜெயித்தது 11. பட்டம் பென்னி பார்சன்ஸுக்குப் போனது. அவர் அந்த ஆண்டு ஜெயித்தது ஒன்றே ஒன்று. பார்சன்ஸைக் குறை சொல்லவில்லை, விதி அப்படி. ஆனால் அந்த ஆண்டின் வேகமான வண்டி எது என்று பட்டப் பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று எந்தப் பட்டியலிலும் வராது. பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற, எரிபொருள் நிரப்ப ஒதுங்கும் இடம் பிட். அங்கே வண்டி நிற்கும் நேரத்தை ஒரு கலையாக்கியவர்கள் இவர்கள்தான். தடத்தில் ஒரு நொடி மிச்சம் பிடிக்க இன்ஜினைக் கசக்க வேண்டும். பிட்டிலோ நொடிகள் சும்மா சிந்திக் கிடந்தன. அண்ணன் கிளென் அணியை நடத்த, தம்பி லியோனார்ட் அதில் கை வைத்தார். ஜாக்கியோடு ஓடுபவர் யார், எந்தப் பக்கம் முதலில் தூக்குவது, கழற்றிய டயர் யார் கைக்குப் போவது என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தார்கள். 1965-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்கு பிட் வேலை பார்க்க ஃபோர்டு இவர்களைத்தான் அழைத்தது. வேறு வகைக் கார், வேறு வகைப் பந்தயம். கிளார்க் 200 சுற்றுகளில் 190-ல் முன்னணியில் இருந்து ஜெயித்தார். அந்த வெற்றி இவர்கள் கணக்கில் ஏறாது.

நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-ல் 1976-ல் பெற்ற வெற்றி கணக்கில் இருக்கிறது, ஆனால் ‘1’ என்றுதான். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். பியர்சனும் ரிச்சர்ட் பெட்டியும் உரசி, சுவரில் மோதி, சுழன்று புல்வெளிக்கு வந்துவிட்டார்கள். பெட்டியின் இன்ஜின் நின்றுபோனது. பியர்சன் சுழலும்போதே கிளட்சை மிதித்து இன்ஜினைச் சாகவிடாமல் வைத்திருந்தார். முகப்பு நசுங்கிய காரை நம்மூர் மாட்டுவண்டிக்குச் சற்று மேலான வேகத்தில் உருட்டிக் கோட்டைத் தாண்டினார்.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2001-க்குப் பிறகு அடுத்த வெற்றிக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 2008-ல் டேடோனா 500-க்குத் தகுதி பெறவே முடியவில்லை. இப்போதைய வண்டிக்குப் பின்னால் பென்ஸ்கே என்ற பெரிய அணியின் தொழில்நுட்பம் இருக்கிறது. ‘சகோதரர்கள் பட்டறையில் செய்த வண்டி’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

99-வது வெற்றி 2017-ல். நூறாவதற்கு ஏழு ஆண்டுகள். 2024 ஆகஸ்டில் டேடோனாவில் அதை வாங்கிக் கொடுத்தவர் ஹாரிசன் பர்ட்டன். அடுத்த ஆண்டு உன் இடத்தில் வேறொருவர் என்று அணி அதற்கு முந்தைய மாதமே சொல்லிவிட்டிருந்தது. புள்ளிப் பட்டியலில் 34-வது இடத்தில் கிடந்தவர் கைல் புஷ்ஷைப் பின்னுக்குத் தள்ளி வந்தார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அவருக்கு அதுதான் முதல் வெற்றி. நான் உருகியது அதற்குத்தான்.

அப்புறம், அவர் இடத்துக்கு வந்த ஜோஷ் பெர்ரி 2025-ன் ஐந்தாவது பந்தயத்திலேயே லாஸ் வேகஸில் ஜெயித்துவிட்டார். உங்கள் நோட்டில் 101 என்று திருத்திக்கொள்ளுங்கள்.