ஓய்வுபெற்ற ஆசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து என்ன செய்ய முடியும்?

கேட்டவர் ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர். சொந்த ஊரில் உள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் இடத்தில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள். ‘கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வேலை உண்டா?’ என்கிறார்.

உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது. வகுப்பறைக்குள் போய்ப் பாடம் நடத்தும் முறையைத் திருத்தப் பார்த்தால், இரண்டாவது கூட்டத்திலேயே தலைமையாசிரியருக்கும் உங்களுக்கும் பேச்சு நின்றுவிடும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தலைவர் பெற்றோரில் ஒருவர்தான், தலைமையாசிரியர் கூட்டுநர். மற்றவர்களால் அவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாத இரண்டை நீங்கள் செய்யலாம்: எண்ணிக்கை போடுவது, தீர்மானம் எழுதுவது.

முதலில் எண்ணிக்கை. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. தமிழ்நாட்டில் ஆசிரியர் பணியாளர் நிர்ணயத்துக்கு, அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்வதற்கு, ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையைத்தான் பார்க்கிறார்கள். ஜூலைக் கடைசியில் பதிவேட்டில் 88 பேர் என்றால், 91ஐ எட்ட மூன்று பிள்ளைகள் குறைவதால் நான்காவது ஆசிரியர் பணியிடம் கிடைக்காமல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த மூவரை ஆகஸ்ட் 10இல் சேர்த்துப் பயனில்லை. ஆகவே மே மாதமே அங்கன்வாடிப் பணியாளரிடம் போய் 5 வயது முடிக்கும் குழந்தைகளின் பட்டியலை வாங்குங்கள். அதில் 14 பேர், ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறுபவர்கள் 19 பேர் என்றால் இந்த ஆண்டின் 88 அடுத்த ஆண்டில் 83 ஆகிவிடும். அதே மாதம் எந்தத் தெருவில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் குழுவின் பெண் உறுப்பினர்கள் உங்களைவிட நன்றாக அறிவார்கள். போலிப் பெயர் சேர்க்கும் யோசனை எங்கிருந்தாவது வரும். அதற்கு மட்டும் உடன்படாதீர்கள், எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறை இணையத் தளத்தின் வருகைப் பதிவிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

இதே எண்ணிக்கைதான் பள்ளி வளர்ச்சித் திட்டத்துக்கும் அடிப்படை. அது மூன்றாண்டுத் திட்டம். அதில் ஆண்டுவாரியாக மாணவர் எண்ணிக்கை, கூடுதல் ஆசிரியர் தேவை, கட்டட வசதி, பணத் தேவை நான்கும் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் போன தடவை எழுதியதில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்புவது வழக்கம். மாணவர் எண்ணிக்கையிலிருந்து தொடங்காத திட்டத்தை மேலே யாரும் மதிப்பதில்லை.

அடுத்தது தீர்மானம். ‘கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினால் அது எந்த அலுவலக மேசையிலும் நகராது. யாருடைய வேலை என்பதே அதில் இல்லையே! இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாணவியர் கழிப்பறை மூன்றில் இரண்டுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. மேல்தொட்டியிலிருந்து வரும் குழாய் பின்சுவரோரம் உடைந்திருப்பதால் தண்ணீர் வருவதில்லை. தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்தில் தலைமையாசிரியர் 10 நாளில் மாற்றுவது. குழாய்க்கு ஊராட்சியில் மனுக் கொடுப்பது வார்டு உறுப்பினர் பொறுப்பு. அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் இதுவே.’

ஆசிரியர் காலியிடம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை என்றால் ஊராட்சி. ஒரே மனுவில் எல்லாவற்றையும் கலந்தால் இரு அலுவலகமும் மற்றவரைக் கைகாட்டும். அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மானியம் பற்றி: சமக்ர சிக்‌ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000. அதில் குறைந்தது 10 சதவீதம் சுகாதாரத்துக்கு. (எந்த மாதம் வந்துசேரும் என்பது வேறு கதை.) செலவைக் கண்காணிப்பது குழுவின் சட்டப்படியான வேலை. ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று தலைமையாசிரியரிடம் கேட்பதைவிட, ரசீதுகளை ஒவ்வொரு கூட்டத்திலும் வரிசையாக வாசிப்பதை வழக்கமாக்குங்கள். யார்மீதும் சந்தேகப்பட்டதாகாது.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் நேரத்தால். கூலி வேலைக்குப் போகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வர மாட்டார்கள். பதிவேடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்தோடு திரும்பும். பள்ளி விடும் நேரத்தை ஒட்டிக் கூட்டத்தை வைக்கச் சொல்லுங்கள், பிள்ளையை அழைக்க வருகிறவர்கள் உட்காருவார்கள். பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். வாத்தியார் பேசினால் ஊர் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். தீர்மானத்தை எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டி, தலைவராக இருக்கும் அம்மா சரி என்ற பிறகே கையெழுத்துக்கு நீட்டுங்கள்.

மூன்று மாதமாகியும் அசையாத தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். முந்தைய மனுவின் முத்திரை போட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு, தலைவரையே பேசவிடுங்கள்.