விலாசம் தவறிய புழு

அன்புள்ள சேர்,

வட்டையில் களை பிடுங்கிவிட்டு வந்தால் அம்மாவின் கால்கள் சிவந்து, தடித்து, இரவு முழுக்க அரிக்கின்றன. தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஒன்றுமில்லை. உரம் பட்டது என்கிறார் அப்பா. பக்கத்து வளவுத் தம்பி கைபேசியில் ஒரு காட்சி காட்டினான். நத்தையின் கண்ணுக்குள் பச்சைப் புழு துடிக்கிறது. நத்தை மதிகெட்டுப் பறவைக்கு இரையாகிறது. நம் வாய்க்கால் நத்தைக்குள்ளும் அப்படி ஏதும் உண்டா? நத்தைகளுக்கு மருந்தடிக்க வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

மட்டக்களப்பு, படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

கைபேசிப் பேயை முதலில் துரத்திவிடுவோம். அந்தப் புழு ஈரச் செடிகளில் ஏறித் திரியும் சிறு நிலநத்தையில் வாழ்வது. பறவை எச்சத்தில் கிடக்கும் முட்டையை நத்தை தின்பதோடு அதன் கதை தொடங்கும். தண்ணீரில் அது நீந்துவதே இல்லை. பார்க்கப் பகட்டாக இருப்பதால் உலகம் சுற்றி உங்கள் வளவுக்கும் வந்துவிட்டது. வாய்க்காலில் நடப்பதற்குப் பகட்டுக் கிடையாது.

தண்ணீர் மட்டத்தோடு தடிப்பு நிற்கிறது என்ற உங்கள் ஒரு வரிதான் என்னை நத்தைப் பக்கம் திருப்பியது. நம் நாட்டு மாடுகளின் குடலைச் சுற்றிய இரத்த நாளங்களில் இரத்தத் தட்டைப்புழுக்கள் வாழ்கின்றன. ஆண்புழு தன் உடலை நீளவாட்டில் மடித்து, அந்த மடிப்புக்குள் பெண்ணை வைத்துக்கொண்டே காலம் கழிக்கும். முட்டை சாணத்தோடு விழும். இன்னோர் இனம் மாட்டின் மூக்கில் குடியிருக்கிறது. மாடு குறட்டை விடும். அது தண்ணீர் குடிக்க மூக்கைத் தாழ்த்துகையில் சளியோடு முட்டைகளும் இறங்கிவிடும்.

முட்டையிலிருந்து வரும் இளம்புழுவுக்கு மிராசிடியம் என்று பெயர். அது எதையும் உண்ணாது. சில மணி நேரத்துக்குள் நத்தையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் தனக்குரிய நத்தையை. ஆட்டுக்கிடாய்க் கொம்புபோலத் தட்டையாகச் சுருண்டு, மூடியில்லாமல் ஒன்று வாய்க்காலில் கிடக்குமே, நசுங்கினால் சிவப்பாகக் கசியுமே, அதுதான். ஈரல் தட்டைப்புழுவுக்கும் அதே மாடு, அதே சாணம், அதே தண்ணீர். ஆனால் அதற்கு வேண்டியது கூர்நுனி ஓடுள்ள வேறு நத்தை. மாடோ எருமையோ ஆடோ, சமயத்தில் மனிதரோ, பிறகு யார் வயிற்றுக்குப் போனாலும் அதற்குச் சம்மதம். நத்தையில் மட்டும் விட்டுக்கொடுக்காது. நம் பக்கத்தில் குடி தாய்வழி வருகிறது. தட்டைப்புழுவின் குடி நத்தைவழி.

ஈரல் புழுவின் இந்தச் சுற்றை 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தோமஸும் ஜெர்மனியில் லொய்க்கார்ட்டும் தனித்தனியே கண்டறிந்தார்கள். நத்தையை விட்டு வந்தபின் அது நீர்ச்செடிகளில் ஒட்டி, உறைகட்டி, மாட்டின் வாய்க்குக் காத்திருக்கும். மாடு மேயும் பள்ளத்தில் பிடுங்கிய வல்லாரையைச் சம்பல் போடவேண்டாம் என்று நான் வீட்டில் சண்டை பிடிப்பது இதனால்தான்.

இனி இரத்தத் தட்டைப்புழுவின் கொம்பு நத்தைக்குள். எத்தனை முறை படித்தாலும் நான் நின்றுவிடும் இடம் இது. உள்ளே போன மிராசிடியம் ஒரு பையாகிவிடுகிறது. அந்தப் பைக்குள் பைகள். அவற்றுக்குள் செர்க்காரியா எனும் வாலுள்ள குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். எல்லாம் ஒரே முட்டையின் பிரதிகள் என்பதால் அத்தனையும் ஆணாக இருக்கும், இல்லாவிட்டால் அத்தனையும் பெண்ணாக. சுருளின் உச்சியில் இருக்கும் ஈரலையும் இனச்சுரப்பியையும் அவை பிடித்துக்கொள்ள, நத்தை முட்டையிடுவதை விட்டுவிடுகிறது. ஊர்கிறது, பாசி மேய்கிறது, உண்பதெல்லாம் அடுத்தவன் பிள்ளைகளுக்குப் போகிறது. அண்ணன் மருந்தடிக்க நினைப்பது இந்த நோயாளிக்கு.

அம்மாவின் காலுக்கு வருகிறேன். செர்க்காரியா பிளந்த வாலோடு வெளியேறி மாட்டுத்தோலைத் தேடுகிறது. கையிருப்புச் சக்தி ஒரு நாளைக்குப் போதும், அவ்வளவுதான். அகப்பட்ட தோலைத் துளைக்கிறது. மனிதத் தோல் என்றால் அங்கேயே செத்துப்போகிறது. அரிப்பு என்பது உடல் அதனோடு போடும் சண்டை. அடிக்கடி இறங்குகிறவர்களின் உடல் முந்திய சண்டைகளை நினைவில் வைத்திருப்பதால் அவர்களுக்குத் தடிப்பும் கூட. ஏரியில் குளிப்பவர்களுக்கு வரும் அரிப்பு இப்படிப்பட்ட குஞ்சுகளால் என்று 1928இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கோர்ட் என்பவர் காட்டினார். தாராக்களிலும் நீர்ப்பறவைகளிலும் வாழும் புழுக்களும் இதே வேலையைச் செய்யும். மனிதருக்கே உரிய இரத்தத் தட்டைப்புழு நோய் ஆபிரிக்காவில் பெரும் துயரம், இலங்கையில் அது நிலைகொண்டதில்லை. அதைப் படித்துவிட்டு அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம்.

கரையேறியதும் கால்களைத் துவாயால் அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள், காற்றில் காயவிடக் கூடாது. முழங்கால் வரை சப்பாத்து இருந்தால் நல்லது. சேற்றில் அதை இழுத்து நடப்பது எவ்வளவு கரைச்சல் என்பதும் தெரியும். சொறியாமல் விட்டால் ஒரு வாரமளவில் அடங்கும். புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, உரம்தானோ என்ற சந்தேகம் இருந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள், நத்தைக்கு அடிக்கும் மருந்து மீனையும் கொல்லும். மாடு வாய்க்காலில் இறங்கும்வரை முட்டை விழும், நத்தையும் திரும்ப வரும். தொட்டியில் தண்ணீர் காட்டலாமே என்றால் பட்டி மாட்டுக்கு அது நடக்கிற காரியமா என்று கேட்பார். நானும் பட்டி வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன்தான், என்னிடமும் நல்ல பதில் இல்லை.

தம்பிக்கு ஒரு வேலை கொடுங்கள். கையால் தொடாமல் அகப்பையால் கொம்பு நத்தைகளை அள்ளி, ஹோர்லிக்ஸ் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் விட்டுப் போட்டு, காலை வெயிலில் இரண்டு மணி நேரம் வைக்கட்டும். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தால் வெண்தூசிபோல ஏதோ துள்ளி ஏறி, மெல்ல இறங்குவது தெரியலாம். விரலை உள்ளே விட வேண்டாம். முடிந்ததும் கொதிநீர் ஊற்றிவிடுங்கள். முதல் போத்தலிலேயே வராது. நான் படிப்பித்த காலத்தில் மூன்று நாள் நத்தை பொறுக்கினோம். நாலாம் நாள் ஒரு போத்தலில் தூசி ஆடியது. வகுப்பே எழுந்து நின்றது.